ஸ்வீடனில் குறைந்தபட்ச ஊதியச் சட்டமே இல்லை என்றால் கூலி எப்படி விழாமல் நிற்கிறது?

நெய்தல்:
2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஓர் உத்தரவு கொண்டுவந்தபோது எதிர்த்து வாக்களித்தவை ஸ்வீடனும் டென்மார்க்கும்தான். இரண்டிலும் தொழிற்சங்கம் வலுவானது. பிறகு ஏன் எதிர்ப்பு? முதலாளிகள் அமைப்பில் சேராத ஒரு நிறுவனம் அடிமாட்டுக் கூலி கொடுத்தால் யார் தடுப்பது? கூலி மலிவான நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தால்? ஸ்வீடனை மட்டும் வைத்து விளக்கினாலும் போதும்.

கார்காலம்:
சட்டத்தில் இல்லை, சங்கமும் முதலாளிகளும் பேசிப் போடும் கூட்டு ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஸ்வீடன் தொழிலாளர்களில் சுமார் பத்துக்கு ஒன்பது பேர் ஏதோ ஒரு கூட்டு ஒப்பந்தத்துக்குள் வருகிறார்கள். அடிமட்டக் கூலி மட்டுமல்ல, மிகைநேரம், கூடுதல் ஓய்வூதியம், விபத்துக் காப்பீடு எல்லாம் அதில்தான்.

அமைப்பில் சேராத நிறுவனத்துக்கு 'தொங்கு ஒப்பந்தம்' என்று ஒன்று உண்டு. "இந்தத் துறையின் ஒப்பந்தத்தை நானும் பின்பற்றுகிறேன்" என்று சங்கத்தோடு நேரடியாகக் கையெழுத்துப் போடுவது. போட மறுத்தால் சங்கம் ஏழு வேலைநாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும்: ஒன்று நிறுவனத்துக்கு, ஒன்று அரசின் சமரச அலுவலகத்துக்கு. அதன்பின் வேலைநிறுத்தம், முற்றுகை. இதோடு முடிவதில்லை. மற்ற சங்கங்கள் ஆதரவு நடவடிக்கையில் இறங்கலாம். தங்கள் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே இறங்கலாம், சட்டம் அனுமதிக்கிறது. கட்டடத்துக்கு மின்பணியாளர் இணைப்புக் கொடுக்க மாட்டார், கடைக்குச் சரக்கு வராது, குப்பை அள்ளப்படாது. 1995-ல் டாய்ஸ் ஆர் அஸ் என்ற அமெரிக்கப் பொம்மைக் கடை நிறுவனம் மூன்று மாதம் தாக்குப்பிடித்துவிட்டுக் கடைசியில் ஒப்பந்தம் போட்டது இப்படித்தான். போட்டுவிட்டால் சங்கத்தின் கையும் கட்டப்படும்: ஒப்பந்தக் காலம் முழுக்க அமைதிக் கடமை, அதாவது தன் கோரிக்கைக்காக வேலைநிறுத்தம் செய்யக்கூடாது.

எதிர்ப்புக்கும் காரணம் இங்கேதான். அரசு ஒரு எண்ணைச் சட்டமாக்கினால், "சட்டப்படி கொடுத்துவிட்டேனே" என்று நிறுவனம் பேச்சுவார்த்தைக்கே வராது என்பது சங்கங்களின் பயம். நியாயமான பயம் என்றே நினைக்கிறேன்.

பனிமுகடு:
கார்காலம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கூலி உயர்வு எவ்வளவு என்பதை முதலில் முடிவு செய்வது ஏற்றுமதித் தொழில்துறை. 1997-ல் வந்த தொழில்துறை ஒப்பந்தம் முதல் இதுதான் நடைமுறை. உலகச் சந்தையில் போட்டி போடும் ஆலை எவ்வளவு தாங்குமோ அதுவே மருத்துவமனைக்கும் கடைக்கும் அளவுகோல். 2023-ல் அது இரண்டு ஆண்டுக்கு 7.4 சதவீதம், முதலாண்டில் 4.1. விலைவாசி அதைவிட வேகமாக ஏறியதால் உண்மைக் கூலி குறைந்தது. இன்னொரு குறை: எல்லோருக்கும் ஒரே சதவீதம் என்றால், பெண்கள் அதிகம் வேலை செய்யும் பராமரிப்புத் துறை பழைய இடைவெளியிலேயே நின்றுவிடும். இதை இப்படியே விடக்கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

சங்க வலு சும்மா நிற்பதில்லை என்பதையும் கவனியுங்கள். வேலையிழப்புக் காப்பீட்டு நிதிகளில் பெரும்பாலானவை சங்கத்தோடு தொடர்புடையவை. (இரண்டும் ஒன்றல்ல, சங்கத்தில் சேராமல் நிதியில் மட்டும் சேரலாம்.) 2007-ல் அரசு அந்த நிதிகளின் கட்டணத்தைக் கடுமையாக உயர்த்தியது. அடுத்த ஆண்டே, வேலையின்மை எங்கே அதிகமோ அங்கே கட்டணமும் அதிகம் என்றது. கையில் காசில்லாதவர்தான் நிதியிலிருந்தும் சங்கத்திலிருந்தும் முதலில் வெளியேறினார். சங்க உறுப்பினர் விகிதம் 2006-ல் 77 சதவீதம், 2008-ல் 71. அந்த ஏற்பாட்டை 2014-ல் நீக்கினார்கள். வெளியேறிய உடலுழைப்புத் தொழிலாளர்கள் பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

கார்காலம்:
வெளிநாட்டு ஆட்கள் பற்றிய கேள்விக்கு வாக்ஸ்ஹோல்ம் வழக்குதான் பதில். 2004-ல் ஸ்டாக்ஹோம் அருகே உள்ள வாக்ஸ்ஹோல்ம் என்ற ஊரில் ஒரு பள்ளிக் கட்டடப் பணிக்கு லாவல் என்ற லாட்விய நிறுவனம் ஆட்களைக் கொண்டுவந்தது. கட்டடத் தொழிலாளர் சங்கம் மணிக்கு 145 குரோனர் கேட்டது. அது ஸ்டாக்ஹோம் வட்டாரச் சராசரி, அடிமட்டம் அல்ல. நிறுவனம் மறுக்க, முற்றுகை. மின்பணியாளர் சங்கமும் சேர்ந்தது. 2007 டிசம்பர் 18-ல் ஐரோப்பிய நீதிமன்றம் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது: அடிமட்ட விதிகளைத் தாண்டிக் கேட்டு முற்றுகையிடுவது சேவை வழங்கும் சுதந்திரத்தை மீறுகிறது என்று. அந்த 'அடிமட்டம்' எது என்று முன்கூட்டியே எங்கும் தெளிவாக எழுதி வைக்காததுதான் ஸ்வீடன் முறையின் ஓட்டை.

இப்படி வேறு நாட்டுக்கு வேலைக்கு அனுப்பப்படும் தொழிலாளர்கள் பற்றி 2018-ல் திருத்திய ஐரோப்பிய உத்தரவு 'குறைந்தபட்சக் கூலி' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ஊதியம்' என்று விரித்தது. அது 2020 ஜூலை 30 முதல் நடைமுறையில் இருக்கிறது.

நெய்தல்:
நன்றி, தெளிவாகிவிட்டது. துணை ஒப்பந்ததாரர் கூலி தராமல் ஓடிவிட்டால்?

பனிமுகடு:
கட்டுமானத்தில் 2019 ஜனவரி 1 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. தொழிலாளி முதலில் தனக்கு வேலை கொடுத்தவருக்கு மேலே உள்ள ஒப்பந்ததாரரிடம் கேட்க வேண்டும், அங்கே கிடைக்காவிட்டால் முதன்மை ஒப்பந்ததாரரிடம். வேலை செய்த நாள், நேரம், தளம், யார் அனுப்பியது என்று கையில் குறிப்பு வேண்டும். அது இல்லாத இடத்தில்தான் இந்த உரிமை காகிதத்திலேயே தங்கிவிடுகிறது.