இலங்கை யுத்த காலத்தில் இராணுவம், புலிகள் என்ற இரு தரப்பையும் நேரில் கண்ட மலையகத்தார்

பதுளையிலிருந்து:
1977 கலவரத்தில் எங்கள் சித்தப்பா குடும்பம் தேயிலைத் தோட்டத்து லய வீட்டை விட்டு ஓடி, கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியது. 2002இல் போர்நிறுத்தம் வந்து வடக்கே போகும் ஏ9 பாதை திறந்ததும் பார்க்கப் போனோம். ஓமந்தையில் இராணுவம் பைகளைக் கிளறியது. புளியங்குளத்தில் புலிகள் கிளறினார்கள். தேயிலைத் தூளுக்கு வரியும் கேட்டார்கள். பதுளைத் தேயிலைக்கு வன்னியில் சுங்கம்! பையைச் சோதித்த பெண்பிள்ளைக்கு இருபது வயதிருக்காது. அடையாள அட்டையில் முகவரியைப் பார்த்துவிட்டு, தன் அப்பாவும் பசறைப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர்தான் என்றாள். அம்மா விடுவாரா? எந்தத் தோட்டம், எந்த டிவிசன், யார் மகள் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார். அவள் வாய் திறக்கவில்லை. வரியையும் விடவில்லை. பிறகு 2008இல், வீட்டுக்கு ஒருவர் என்று சித்தப்பாவின் கடைசி மகளைப் புலிகள் இயக்கம் படைக்குக் கொண்டுபோனது. யுத்தம் முடிந்து செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து சித்தப்பா வந்தார்; அவள் வரவில்லை.

ஹட்டனிலிருந்து:
நான் கொழும்பில் கடையில் நின்ற காலம். சோதனைச் சாவடியில், யாழ்ப்பாணத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். அந்த ஊரை வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறேன் என்று நல்ல சிங்களத்தில் சொன்னேன். இவ்வளவு சிங்களம் எங்கே பழகினாய் என்று பொலிஸ் நிலையத்துக்கே ஏற்றிப்போனார்கள். முதலாளி வந்து கையெழுத்து வைத்த பிறகே விட்டார்கள். 1948இல் குடியுரிமையைப் பறிக்கும்போது மட்டும் நாங்கள் இந்தியர்!

பண்டாரவளையிலிருந்து:
2000 ஒக்டோபரில் இங்கே பக்கத்திலிருக்கும் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து 25க்கு மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கொன்றது. அதன்பின் பல மாதங்கள் இருட்டுமுன்பே கடையை அடைத்துவிடுவோம். அப்படிப் பலகை போடும் நேரத்தில், பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பையன் ஒருவன் வந்தான். வடக்கில் சிப்பாய், லீவில் வந்திருந்தான். ஆளில்லாத வீடொன்றில் எடுத்ததாக ஒரு கொப்பியை நீட்டி, "முதலாளி, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்றான். ஏதோ இயக்கத்து இரகசியம் என்று நினைத்திருக்கிறான். திறந்து பார்த்தால் கடன் கொப்பி! யாரோ ஒரு பெட்டிக்கடைக்காரர் என்னைப் போலவே பெயருக்கு நேரே கணக்கு எழுதி, தீர்ந்ததைக் கோடிட்டு அடித்திருந்தார். தீராததுதான் அதிகம். மண்ணெண்ணெய் விலையைப் பார்த்து எனக்கே திக்கென்றது. வன்னிக்கு எரிபொருள் தடை இருந்த காலம். சொன்னதும் பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. பொலிஸில் கொடுத்துவிடவா என்று கேட்டான். எங்கே வேண்டுமானாலும் கொடு மல்லி (சிங்களத்தில் தம்பி), வாசித்தது நான் என்று மட்டும் சொல்லாதே என்றேன்.