குறிஞ்சி நீலமாகிப்போன படம்

பூம்பாறை:

2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் குறிஞ்சி பூத்திருந்தபோது எடுத்த படங்கள் இன்றும் என்னை உறுத்துகின்றன. முழங்கால் வலியால் சரிவில் இறங்க முடியாத அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்பதற்காகவே, புதிதாக வாங்கிய செல்போனுடன் போனேன். வெயில் இல்லை, மேகம் மூடியிருந்தது. ஒரு கொத்தை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தபோது, மணி போன்ற அந்தப் பூவின் வாய்ப்பகுதியில் கத்தரிப்பூ நிறம் தெளிவாகத் தெரிந்தது. திரையிலோ அதே பூ, துணிக்குப் போடும் சொட்டு நீலமாகத் தெரிந்தது. இடம் மாறி மாறி அறுபது படங்களுக்கு மேல் எடுத்தேன், எல்லாம் நீலமே. அம்மா 1994இலும் 2006இலும் குறிஞ்சியை நேரில் பார்த்தவர். திரையைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இது குறிஞ்சி இல்லையேம்மா, வேற ஏதோ பூ" என்றார். அடுத்த பூப்பு 2030இல்தான். லென்ஸ் தரமற்றது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நாயுடுபுரம்:

கண்ணால் பார்த்தது ஒன்று, செல்போன் படத்தில் வந்தது வேறொன்று என்ற என் அனுபவம் கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் நடந்தது. 1872இல் போடப்பட்ட அந்த நடைபாதையில், மாலையில் சூரியன் முதுகுப்பக்கம் இறங்க, எதிரே பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழும்பினால், பனியின் மேல் நம் நிழல் விழுவதும், தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் ஒரு வளையம் தோன்றுவதும் இங்குள்ள பலர் அறிந்ததே. நானும் என் மனைவியும் அருகருகே நின்றிருந்தோம். வளையம் தன் தலையைச் சுற்றித்தான் இருக்கிறது என்று அவர் சொன்னார். என் தலையைச் சுற்றித்தான் என்று நான் சொன்னேன். படம் எடுத்தால் தெரிந்துவிடும் என்று செல்போனைத் தலைக்கு மேலே உயர்த்தினேன். வெறும் வெண்மையில் போக்கஸ் பிடிக்க ஒன்றுமில்லாததால், காட்சி முன்னும் பின்னுமாக அலைந்தது. நிழலின் தோள் விளிம்பில் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிய பிறகே தெளிந்தது. ஒரே ஒரு படம் எடுத்தேன். அதற்குள் பனி கலைந்துவிட்டது. அந்தப் படத்தில் வளையம் அவர் தலையையும் சுற்றவில்லை, என் தலையையும் சுற்றவில்லை. உயர்த்திய என் கையின் நுனியில், செல்போன் இருந்த இடத்தைச் சுற்றி நின்றது. பார்க்கும் கண் எதுவோ, அதன் நிழலைச் சுற்றியே வளையம் அமையும் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. வெளிச்சக் குறைவால் படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் நிறைய இருந்தாலும் அதை அழிக்க மனம் வரவில்லை.

காந்தல், உதகை:

பூம்பாறையிலிருந்து எழுதியவர் லென்ஸின் மேல் பழி போடுவதை நான் ஏற்கவில்லை. என் அனுபவம் சிறியது. ஜனவரி மாத விடியற்காலை ஒன்றில் தலைகுந்தாவில் புல்வெளி முழுவதும் உறைபனி படிந்து, உப்பைக் கொட்டியது போல் வெளுத்துக் கிடந்தது. படத்திலோ அது அடுப்புச் சாம்பல் நிறத்தில் வந்தது. எந்தக் காட்சியையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரவே கேமரா முயல்வதால், எல்லாம் வெள்ளையாக இருக்கும் இடத்தில் அது தானாகவே இருட்டாக்கிவிடுகிறது. திரையில் புல்லைத் தொட்டதும் தோன்றிய சூரியக் குறியை மேலே இழுத்தேன், வெண்மை திரும்பியது.

நிறத்திலும் இதுவே நடக்கிறது. திரை முழுவதும் ஒரே ஊதாவாக இருந்தால், வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறங்களைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் அதை வெளிச்சத்தின் கோளாறு என்று எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கமாகத் திருத்திவிடக்கூடும். ஆகவே அளவுகளை நாமே மாற்றக்கூடிய ப்ரோ மோடுக்குப் போய், வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவை வெயிலில் 5500க்கு அருகிலும் மேகமூட்டத்தில் 6500க்கு அருகிலும் நீங்களே நிறுத்துங்கள். பூவின் அருகில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, தாள் திரையில் வெள்ளையாகத் தெரியும்வரை அந்த அளவை நகர்த்திவிட்டு, பிறகு தாளை எடுத்துவிட்டுப் படம் எடுங்கள். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகவும் சேமித்தால், வீட்டுக்கு வந்த பிறகு படத்தைக் கெடுக்காமல் நிறத்தைத் திருத்தலாம். விரல்களால் விரித்துப் பெரிதாக்குவது பெரும்பாலும் நடுப்பகுதியை வெட்டி ஊதிக் காட்டுவதுதான் என்பதால், கால் போகும் இடமானால் நடந்தே அருகில் செல்லுங்கள். பாக்கெட்டில் கிடந்த செல்போனின் லென்ஸில் விரல் எண்ணெய் படிந்திருக்கும். அதைத் துடைக்காமல் பனியில் எடுத்தால் விளக்குகளெல்லாம் கசிந்து தெரியும். முடிவாக, அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். இவற்றையெல்லாம் செய்து பார்க்காமல் லென்ஸைக் குறை சொல்வது நியாயமில்லை.

கோத்தகிரி:

காந்தல் நண்பர் சொன்னவை அனைத்தையும் செய்திருந்தாலும் என் படம் கெட்டுத்தான் போயிருக்கும். அதனால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன். எங்கள் படுகர் ஊரில் ஹெத்தையம்மன் பண்டிகைக்குப் போயிருந்தபோது, வெள்ளைத் துணி போர்த்தித் திண்ணையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த பாட்டியைப் படம் எடுத்தேன். வெளிச்சம் நன்றாக இருந்தது, கையும் ஆடவில்லை. சட்டம் போடுவதற்காகப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் திடுக்கிட்டேன். சிறுவயதில் அவர் நெற்றியில் பச்சை குத்திய புள்ளிகள் ஒன்றுகூட இல்லை; நெற்றி தேய்ந்த சோப்புக்கட்டி போல் வழவழவென்றிருந்தது. வாங்கிய நாளிலிருந்தே செல்போனில் முகத்தை வழவழப்பாக்கும் ப்யூட்டி மோட் இயங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மங்கிப்போன அந்தப் பச்சையை முகத்தின் கறை என்று எண்ணி அழித்திருக்கிறது. கடைக்காரர் விற்கும்போது இதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதை முழுவதுமாக அணைத்துவிட்டு, மறுநாள் காலை அதே திண்ணையில், வெயில் பக்கவாட்டில் விழும்படி அவரை உட்காரவைத்து மீண்டும் எடுத்தேன். சுருக்கங்களும் வந்தன, புள்ளிகளும் வந்தன. பாட்டி செல்போனை வாங்கி, ஒவ்வொரு புள்ளியாகத் திரையில் விரல் வைத்து எண்ணத் தொடங்கினார். விரல் பட்டபோதெல்லாம் படம் நகர்ந்ததால், அவர் எண்ணி முடிக்கும்வரை நான் அதை இழுத்து இழுத்து நெற்றிக்கே கொண்டுவந்துகொண்டிருந்தேன்.