நீண்டகால வேலையின்மை: அரசே சம்பளம் கொடுத்து வேலையில் அமர்த்தலாமா?

நெடுவழி:
ஓராண்டுக்கு மேல் வேலை தேடுபவர்களை மற்ற வேலையற்றோருடன் ஒரே வரிசையில் நிறுத்துவதுதான் பெரிய தவறு. தொடர்ந்து வேலை இல்லை என்பதே அவர்கள் விண்ணப்பத்தைத் தள்ளிவிடப் போதுமான காரணமாகி விடுகிறது, அந்த ஆளுக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்பதே இல்லை. இவர்களை மறுபடியும் விண்ணப்பம் எழுதப் பழக்கும் வகுப்பில் உட்கார வைத்து என்ன ஆகப் போகிறது? அரசு நேரடியாக வேலை கொடுக்கட்டும்.

கூர்வேல்:
கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆதாரம் வேறு மாதிரி. கார்ட், குளூவே, வெபர் என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள், வேலையற்றோருக்கான அரசுத் திட்டங்கள் பற்றிய 200க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்டார்கள். பயிற்சித் திட்டங்களின் பலன் இரண்டு மூன்று ஆண்டு கழித்துத் தெரிகிறது, அரசுத் துறையில் உருவாக்கும் தற்காலிக வேலைகளால் அப்புறம் வேலை கிடைக்கும் வாய்ப்பு கூடுவதாகப் பெரிதாக எதுவும் இல்லை. அந்த வேலையில் இருக்கும்போது வெளியே தேடுவதும் நின்றுவிடுகிறது. நிறுவனங்களுக்கு மானியம் கொடுத்தாலும் சிக்கல்தான், எப்படியும் எடுக்கப் போகிற ஆளுக்கே பணம் வாங்கிக்கொள்வார்கள்.

மழைத்துளி:
அதே தொகுப்பில், நீண்டகாலம் வேலையில்லாதவர்களுக்குத்தான் இந்தத் திட்டங்களின் பலன் சராசரியாக அதிகம் என்றும் இருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

நானே இரண்டு வருஷம் வேலை இல்லாமல் இருந்தவள். நேர்காணலில் எனக்குத் தெரிந்த கணக்கு மென்பொருள் பற்றி ஒரு கேள்வி கூட வராது, "இவ்வளவு நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்" என்பதிலேயே பேச்சு முடிந்துவிடும்.

நெடுவழி:
ஆஸ்திரியாவில் கிராமட்நாய்சீடல் என்ற ஊரில் 2020 அக்டோபரில் ஒரு சோதனை தொடங்கியது. ஓராண்டுக்கு மேல் வேலையில்லாத எல்லோருக்கும் சம்பளத்துடன் வேலை, விருப்பம் இருந்தால் மட்டும் சேரலாம். ஊரில் நீண்டகால வேலையின்மை ஏறக்குறைய இல்லாமலே போனது. இதே ஊரின் மாரியன்தால் பகுதியில் ஆலை மூடப்பட்ட பிறகு 1930களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் பார்த்தது என்ன? கையில் நேரம் நிறைய இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது, தெருவில் ஆண்களின் நடையே மெதுவாகிப் போனது. வேலை என்றால் சம்பளம் மட்டும் இல்லை, கூர்வேல்.

கூர்வேல்:
அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு சின்ன ஊரில் முடிந்தது ஒரு நாடு முழுக்க முடியுமா? அந்த வேலை முடிந்த பிறகு? அதைச் சொல்லுங்கள்.

மழைத்துளி:
ஜெர்மனியில் 2019 முதல் இருக்கும் முறையைப் பாருங்கள். கடந்த ஏழு ஆண்டில் ஆறு ஆண்டாவது உதவித்தொகையில் இருந்தவரை ஒரு நிறுவனம் எடுத்தால் முதல் இரண்டு ஆண்டு சம்பள மானியம் முழுதாக, அப்புறம் ஆண்டுக்குப் பத்து சதவீதம் குறைத்து, மொத்தம் ஐந்து ஆண்டு. கூடவே ஒரு வழிகாட்டியும் உண்டு. அவ்வளவு காலம் யாரும் எடுக்காத ஆளை நிறுவனம் "எப்படியும் எடுத்திருக்கும்" என்று சொல்ல முடியாது, உங்கள் மானியக் கவலை இங்கே பெரிதாகப் பொருந்தாது.

கூர்வேல்:
சரி, அந்தக் கட்டுப்பாடு நல்லதுதான், மானியம் படிப்படியாகக் குறைவதும் சரி. ஆனால் ஆறு ஆண்டு வரை ஏன் காத்திருக்க வேண்டும்? ஒரு மனிதர் அதற்குள் உடைந்து போயிருப்பார். என்னைக் கேட்டால் அந்தப் பணத்தில் பாதியை முதல் ஆண்டு முடிவதற்குள் திறன் பயிற்சிக்குப் போடுவேன்.

நெடுவழி:
முதல் ஆண்டில் பயிற்சி, ஆண்டு தாண்டினால் வேலை. இரண்டுக்கும் நிதி ஒதுக்கச் சொல்லுங்கள், நான் உங்கள் பக்கம்.