எபிரேய இலக்கியத்தில் முதுகலை: படித்தவர்கள் வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் எபிரேய இலக்கிய முதுகலைக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். இறையியல் கல்லூரியில் விவிலிய எபிரேயம் படித்ததால் ஆதியாகமத்தை அகராதி துணையோடு வாசித்துவிடுவேன். தொல்லை நவீன உரைநடையில்தான். விவிலியப் பதிப்புகளில் உயிரொலியைக் காட்டும் உயிர்க்குறிகள் இருக்கும். இன்றைய நாவல்களில் பெரும்பாலும் இருக்காது. 1966இல் நோபல் பரிசு பெற்ற அக்னோனை எடுத்தால் ஒரு பக்கத்துக்கே மாலை முழுவதும் போய்விடுகிறது. ரபிக்கள் எனும் யூத மத அறிஞர்களின் பழைய எபிரேயமும் அவர் நடையில் கலந்திருக்கிறதே!

வகுப்புகள் எபிரேயத்திலேயே நடக்கும்போது தாக்குப்பிடிக்க, உல்பான் எனும் தீவிர மொழிப் பயிற்சியில் எந்த நிலைவரை முடித்திருக்க வேண்டும்? விதிமுறையை நானே வாசித்துக்கொள்வேன். உங்கள் அனுபவம்தான் வேண்டும்.

என் ஆசையெல்லாம் இடைக்கால ஸ்பெயினின் கவிஞர்கள்மீது, குறிப்பாக யெகூதா ஹலேவி. அரபு யாப்பைத் தழுவி எபிரேயத்தில் பாடியவர்கள் அவர்கள். அப்படியானால் அரபும் கற்றாக வேண்டுமா? முதலாண்டிலேயே தொடங்கினால் இரண்டும் குழம்பிவிடாதா? கெய்ரோ கெனிசா ஏடுகள் (கெய்ரோவின் யூதத் தொழுகைக்கூடத்தில் கிடைத்த பழைய கையெழுத்துப் படிகள்) குவிந்திருக்கும் கேம்பிரிட்ஜ் இதற்கு இன்னும் பொருத்தமான இடமா?

உயிர்க்குறியில்லாத வாசிப்புக்குப் பழக, எளிய சிறுகதைத் தொகுப்புகள் தெரிந்தாலும் சொல்லுங்கள். "போகப் போக வந்துவிடும்" என்ற பதில் மட்டும் வேண்டாம். அது ஏற்கெனவே தாராளமாகக் கிடைத்துவிட்டது.