உளுந்து போட்டால் கிரைண்டர் டிரம் நின்றுவிடுகிறது – உதவி தேவை

வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே தோசை மா அரைத்து விற்கிறோம். எங்கள் பிழைப்பே இந்தக் கிரைண்டர்தான். இந்தியத் தயாரிப்பு, 2 லீற்றர் டில்டிங் (சாய்த்து மா எடுக்கும்) வகை, 150 வாட் மோட்டர், வாங்கி நான்கு வருடம்.

சித்திரை வருடப்பிறப்பு முடிந்ததிலிருந்து இந்தப் பிரச்சினை. வெறுமனே ஓடவிட்டால் நன்றாகச் சுற்றுகிறது. அரிசியும் ஓரளவு அரைபடும். உளுந்து பொங்கிக் கெட்டியாகும்போதுதான் வேகம் குறைந்து, ‘ம்ம்’ என்ற இரைச்சலோடு டிரம் நின்றுவிடும். மோட்டர் கொதிக்கிறது, லேசாகக் கருகல் வாடையும் வருகிறது.

முதலில் பெல்ட் வழுக்குகிறது என்று நினைத்துப் புறக்கோட்டையில் புதிது வாங்கிப் போட்டோம். மாற்றமில்லை. டிரம்மோடு மோட்டர் புல்லியும் சேர்ந்தே நிற்பதால் பெல்ட் காரணமல்ல. மோட்டர் ஓடத் துணைசெய்யும் கப்பாசிட்டரை அதே அளவில் மாற்றியாயிற்று. பெல்ட்டைக் கழற்றிவிட்டு டிரம்மைக் கையால் சுற்றினால் இலகுவாகச் சுற்றுகிறது, அதனால் டிரம் பெயரிங்கும் சரி. ஓடும்போது பிளக்கில் 228 வோல்ட் இருக்கிறது, அதனால் மின் அழுத்தக் குறைவும் இல்லை.

மோட்டருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (வைண்டிங்) பலவீனமாகிவிட்டது என்றே படுகிறது. தினமும் உளுந்து அரைக்கும் இந்த மோட்டரை ரீவைண்டிங் செய்தால் (புதுக் கம்பி சுற்றினால்) பழைய இழுவை திரும்புமா, இல்லை புது மோட்டர்தான் போட வேண்டுமா?