பிள்ளையுள்ள வீட்டுக்கு எந்தத் தாழ்ப்பாள்? மலைப்பக்கத்து அனுபவம்

கதவில் ஒட்டுகிற பிளாஸ்டிக் லொக் நல்லதா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: நானுஓயா, தலவாக்கலை மாதிரி எந்நேரமும் ஈரமாக இருக்கிற இடங்களில் அதை நம்பாதீர்கள். எங்கள் அலுமாரியில் ஒட்டியது மே மாத மழை பிடித்ததும் தானாகக் கழன்று விழுந்தது. பழைய பெயிண்ட், அதன் மேல் ஈரம், பசை எப்படிப் பிடிக்கும்? ஒட்டியே ஆகவேண்டும் என்றால் வெயில் நாளாகப் பார்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் கைபடாமல் விடுங்கள். மருந்தும் மண்ணெண்ணெயும் இருக்கிற அலுமாரிக்கு ஸ்க்ரூ முடுக்கிய கொண்டிதான் சரி.

பிள்ளை வெளியே ஓடிவிடும் என்றுதான் எல்லோரும் பூட்டுத் தேடுகிறோம். எங்கள் வீட்டில் நடந்தது வேறு. அக்காவின் மகள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளையும் இழுத்துவிட்டாள். இழுக்கத் தெரிந்தது, திரும்பத் தள்ளத் தெரியவில்லை. உள்ளே அவள் அழ, வெளியே அம்மாயி அழ, கடைசியில் பக்கத்து லயத்து அண்ணன் கம்பியால் நெம்பித்தான் திறந்தார். நிலைச்சட்டமும் பிளந்தது.

அதன் பிறகு அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு உருண்டைப் பிடி பூட்டுப் போட்டோம். வாங்கும்போது வெளிப்பக்கப் பிடியைப் பாருங்கள். நடுவில் சின்னத் துளையோ வெட்டோ இருக்கும். உள்ளே பூட்டிக்கொண்டால், துளையில் மெல்லிய கம்பியைக் குத்தியோ, வெட்டில் காசை வைத்துத் திருப்பியோ வெளியிலிருந்து திறக்கலாம். அறைக்கும் குளியலறைக்கும் இது போதும். சாவி போடுகிற வகை வேண்டாம். அவசரத்தில் சாவி எங்கே என்று தேடிக்கொண்டிருப்போம்.

வாசல் கதவுக்கு மேலே ஒரு தாழ்ப்பாள் போதும் என்று தச்சு வேலைக்கு வந்த பாஸ் சொன்னார். போட்டும் விட்டார், அவர் உயரத்துக்கு. பகலில் பிள்ளையோடு வீட்டில் இருப்பது அம்மாயி. அவருக்கு எட்டவில்லை, முக்காலியில் ஏறித் திறந்தார். எழுபது தாண்டியவரை முக்காலியில் ஏற்றி வைக்கிற பாதுகாப்பு என்ன பாதுகாப்பு? வீட்டில் ஆகக் குள்ளமான பெரியவர் கையை உயர்த்தினால் எங்கே சுலபமாக எட்டுமோ, அங்கேதான் தாழ்ப்பாள். முக்காலியையும் கதவோரத்தில் விடக் கூடாது. பிள்ளைகள் இழுத்துவந்து ஏறுவார்கள்.

இனி மரம். மழைக்காலத்தில் பலகை ஈரம் குடித்து அகலவாக்கில் உப்பும், நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. கதவு இறுகியதும் தாழ்ப்பாள் துளைக்கு நேரே வராது, பெரியவர்களே தோளால் முட்டித்தான் திறப்போம். அடைமழையில் கதவை இழைக்காதீர்கள். பெப்ரவரி வெயிலுக்கு மரம் சுருங்கியதும் சந்து விழும், தாழ்ப்பாள் பிடிக்காது. தாழ்ப்பாள் போய் விழுகிற துளையை அரத்தால் கொஞ்சம் அகலப்படுத்தினால் இரண்டு காலத்துக்கும் சரிவரும். கதவின் மேல்விளிம்பையும் அடிவிளிம்பையும் யாரும் பெயிண்ட் பண்ணுவதில்லை, ஈரம் அதிகமாக ஏறுவது அங்கேதான். கதவே தொங்கியிருந்தால் தாழ்ப்பாளைக் குறை சொல்லாமல் முதலில் பிணைச்சலை இறுக்குங்கள். ஸ்க்ரூ துளை தளர்ந்திருந்தால் மரப்பசை தடவிய தீக்குச்சிகளைத் திணித்து, காய்ந்ததும் திரும்ப முடுக்கலாம். ஸ்க்ரூவைச் சுத்தியலால் அடித்து ஏற்றுகிற வழக்கம் நம் ஊரில் நிறைய, அது நிற்காது. பித்தளை, இல்லாவிட்டால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள், சாதாரண இரும்பு நம் ஈரத்தில் சீக்கிரமே துருப்பிடிக்கும்.

வெளியே கொண்டி மாட்டி, ஆமைப்பூட்டும் போட்டுப் பிள்ளையை உள்ளே வைத்துவிட்டுப் போவது மட்டும் வேண்டாம். விறகடுப்பு எரிகிற வீடு. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைத் தோட்டத்தில் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பரா தூரம் என்றாலும் அங்கேதான் விட வேண்டும். மண்சரிவையும் மறக்க முடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று கட்டமாக எச்சரிக்கை விடுகிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். அது நடு இரவில், கரண்ட் இல்லாத நேரத்திலும் வரலாம். அதனால் வாசல் கதவுக்கு ஒரே தாழ்ப்பாள், உள்ளிருந்து சாவியில்லாமல் இருட்டில் தடவித் திறக்கக் கூடியது. விளக்கை அணைத்துவிட்டு வீட்டிலுள்ள ஒவ்வொரு பெரியவரையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

குசினிக்கு நான் சொல்வது அரைக் கதவு. பெரியவர் இடுப்புக்கு மேல் வரை உயரம், தாழ்ப்பாள் அடுப்புப் பக்கம், மேல்விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே. நாம் குனிந்து கைவிட்டுத் திறக்கலாம், பிள்ளைக்கு எட்டாது. புகையும் வெளியே போகும், அடுப்படியில் நின்றபடியே பிள்ளை என்ன செய்கிறது என்றும் பார்க்கலாம். குறுக்குச் சட்டம் மட்டும் உள்பக்கம் வரட்டும். வெளிப்பக்கம் வைத்தால் அதையே ஏணியாக்கி ஏறிவிடுவார்கள்.