இரண்டு அணில் குட்டிகள், ஒரு ஏணி

(குழு: நம்ம வீட்டு மக்கள்)

காலை 9:40

பவானி: கொல்லை மரத்தில் கிளை வெட்டியதில் அணில் கூடு விழுந்துவிட்டது. இரண்டு குட்டிகள். கண்கூடத் திறக்கவில்லை. என்ன செய்வது? யாராவது சொல்லுங்கள்

பவானி: (படம்)

வசந்தா: ஐயோ பாவம்

கண்ணன்: அந்தக் கிளையை யார் வெட்டச் சொன்னது?

வசந்தா: உங்கள் பக்கம் இலை கொட்டுகிறது என்று மூன்று வருடமாகச் சொன்னது யார் தம்பி

இளங்கோ: சரி சரி, குட்டிக்கு வருவோம்

சரசு: பசும்பாலைப் பஞ்சில் நனைத்து வாயில் பிழி. பச்சைக் குழந்தைதானே

மூர்த்தி: யாரும் பால் கொடுக்காதீர்கள்!! விளக்கமாக எழுதுகிறேன்

இளங்கோ: போச்சு

மூர்த்தி: பவானி, முதலில் சூடு, அப்புறம்தான் சாப்பாடு. சில்லிட்டுப்போன குட்டிக்கு எதைக் கொடுத்தாலும் செரிக்காது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வை. சூடு அதிகமானால் மறுபாதிக்கு நகர இடம் வேண்டும். பசும்பால் ஒத்துக்கொள்ளாது, வயிற்றால் போய் உடம்பில் நீர் வற்றிவிடும். மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும். இன்னொன்று, இத்தனை சின்னக் குட்டி தானாக மூத்திரம்கூடப் போகாது. தாய் நக்கிக் கொடுத்தால்தான் போகும். மீட்பு மையங்களில் ஈரப் பஞ்சால் துடைத்துத் துடைத்து அந்த வேலையைச் செய்கிறார்கள்.

கண்ணன்: சரசு அக்கா, படித்தாயா?

கண்ணன்: என் அணில்

சரசு: நாற்பது வருடம் ஆகிறது கண்ணா. எனக்கு அப்போது பத்து வயது

வசந்தா: இன்றைக்கும் அந்தக் கதையா

பவானி: கையால் தொட்டுவிட்டேனே பெரியப்பா. மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்கிறார்களே

மூர்த்தி: அது சும்மா. தாய் அணிலுக்கு வேறு கூடும் இருக்கும், தூக்கிக்கொண்டு போய்விடும். பெட்டியை மூடாமல் அதே மரத்தில் பூனை எட்டாத உயரத்தில் கட்டிவிட்டு எல்லோரும் உள்ளே போங்கள். நீங்கள் நின்றால் வராது. பொழுது சாய்வதற்குள் வரவேண்டும், இருட்டினால் அணில் நடமாடாது.

பவானி: கட்டுவதற்கு ஏணி?

வசந்தா: சித்தப்பாவைக் கேள்

கண்ணன்: கொடுத்துவிட்டேன்

வசந்தா: எப்போது?

கண்ணன்: கொடுத்த ஞாபகம்

பவானி: நாற்காலி போட்டு எட்டியவரை கட்டிவிட்டேன்

காலை 11:20

பவானி: சின்னவன் பெயர் வைத்துவிட்டான். டிங்கு, பிங்கு. வளர்ப்போம் என்று ஒரே அழுகை

மூர்த்தி: அதுதான் ஆபத்து. மனிதரைக் கண்டு ஓடாத அணில் வெளியே பிழைக்காது. கலிபோர்னியாவில் மான்டரே விரிகுடா மீன் காட்சியகத்தில், தாயில்லாத கடல் நீர்நாய்க் குட்டியிடம் போகும் ஊழியர்கள் கறுப்பு அங்கியும் முகமூடியும் போட்டுக்கொள்கிறார்கள். மனித முகமே பழகக் கூடாதாம். அப்புறம் அங்கேயே இருக்கும் ஒரு பெரிய பெண் நீர்நாயிடம் விட்டுவிடுவார்கள். அதைப் பார்த்துத்தான் குட்டி இரை தேடக் கற்றுக்கொள்ளும்.

கண்ணன்: நமக்கு முகமூடி எதற்கு? மூர்த்தி அண்ணா போய் நின்றாலே ஓடிவிடும்

மூர்த்தி: சிரிக்காதே. கென்யாவில் டாஃப்னி ஷெல்ட்ரிக் என்று ஒரு அம்மாள். தாயில்லாத யானைக் குட்டிகளுக்கு எந்தப் பாலும் ஒத்துக்கொள்ளாமல் பல வருடம் தவித்தார். கடைசியில் தேங்காய் எண்ணெய் சேர்ந்த குழந்தைப் பால்மாவில் ஆயிஷா என்ற குட்டி தேறியது. மகள் கல்யாணத்துக்காக அவர் கொஞ்ச நாள் வெளியே போனார். குட்டி ஏங்கிப்போய், சாப்பிடாமல் செத்துவிட்டது. அதிலிருந்து அங்கே ஒரு குட்டிக்கு ஒரே ஆள் என்பது கிடையாது. காவலர்கள் மாறி மாறித்தான் பக்கத்தில் படுக்கிறார்கள். அப்படி வளர்ந்து சாவோ என்ற காட்டுக்குப் போன யானைகள், சொந்தக் குட்டியைக் கூட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகின்றன.

இளங்கோ: கல்யாணத்துக்குப் போனது தப்பாகிவிட்டது

இளங்கோ: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சரசு: படித்துவிட்டேன் இளங்கோ. உன் கல்யாணத்துக்கு நான் வராதது எந்த யானைக்காகவும் இல்லை

வசந்தா: விடுங்கள் அண்ணி, சின்னப் பையன்

சரசு: அழைக்கிற மாதிரி அழைத்திருந்தால் வந்திருப்பேன். அவன் அப்பாவைக் கேள்

மூர்த்தி: பவானி, பாட்டில் ஆறியிருக்கும். வெந்நீரை மாற்று

பிற்பகல் 2:15

பவானி: வந்தது வந்தது!! ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைகீழாக இறங்கி, வாலை வெட்டி வெட்டி ஆட்டி, பத்து தடவை திரும்பிப் பார்த்து, பெட்டிக்குள் போனது. ஒரு குட்டியை வயிற்றுப் பக்கம் கவ்வித் தூக்கியது. அது தாயின் கழுத்தைச் சுற்றிச் சுருண்டுகொண்டது. அப்படியே அடுத்த மரம்

சரசு: எது, டிங்குவா?

பவானி: தெரியவில்லை அத்தை. இரண்டும் ஒரே மாதிரி

மாலை 5:50

பவானி: இன்னொன்று அப்படியே கிடக்கிறது. தாய் திரும்ப வரவில்லை. நாற்காலியில் பூனை ஏறி உட்கார்ந்திருக்கிறது

வசந்தா: ஏணி இருந்திருந்தால்

கண்ணன்: தேடுகிறேன் என்றேனே அண்ணி

மூர்த்தி: உடனே உள்ளே எடு. சூடு மட்டும் கொடு. விலங்கு மீட்பாளர் ஒருவரிடம் பேசிவிட்டேன், காலையில் கொண்டுவரச் சொல்கிறார். ராத்திரிக்கு என்ன செய்வது என்று அவரே உன்னைக் கூப்பிட்டுச் சொல்வார். அவரிடம் இதே வயதில் வேறு குட்டிகள் இருக்கின்றனவாம். சேர்த்து வளர்த்து, பெரிய கூண்டில் ஏறி இறங்கப் பழக்கி, ஒருநாள் கதவைத் திறந்துவிடுவார்களாம். தீனி மட்டும் கொஞ்ச நாள் அங்கேயே வைப்பார்களாம்.

வசந்தா: யார் கொண்டுபோவது?

கண்ணன்: எனக்கு வேலை

இளங்கோ: ஏழு மணிக்கு என்றால் முடியும். எட்டுக்கு மேல் கஷ்டம்

சரசு: நான் போகிறேன்

கண்ணன்: நீயா?

சரசு: ஏன், வழியில் பால் கொடுத்துவிடுவேனா?

கண்ணன்: நானும் வருகிறேன்

இளங்கோ: வேலை?

வசந்தா: வரும்போது ஏணி, தம்பி